901 பேர் உள்ள நகரம்

சிம்லாவுக்கு மாற்றல் என்றதும் தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "அங்க இட்லி மாவு புளிக்குமாங்க?" (புளிக்கும். குளிர்காலத்தில் கம்பளி போர்த்தி இரண்டு நாள் காத்திருக்கணும்.)

நமக்கு வேலை ஆப்பிள் தோட்டக் கடன்களைப் போய்ப் பார்ப்பது. அப்படித்தான் நார்கண்டா பழக்கமாச்சு. சிம்லாவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, இந்துஸ்தான் - திபெத் சாலையில், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் ஒரு கடைத்தெரு. நடந்தால் பத்து நிமிஷத்தில் ஊர் முடிஞ்சிடும். ஆனால் கிராமம் இல்லைங்க, நகர் பஞ்சாயத்து! நம்மூர் பேரூராட்சி மாதிரி. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 901. எங்க ஊர் மேலத்தெருவில் இதைவிட ஜாஸ்தி தலை தேறும்.

இதில் ஒரு வேடிக்கை. பத்தாயிரம் பேருக்குக் கீழே இருந்தால் ரிசர்வ் வங்கிக்கு அது கிராமம். ஆக, மாநில அரசுக்கு நகரம், எங்களுக்கு 'ரூரல்'.

தோட்டக்காரப் பெரியவர் ஒருத்தரிடம் இந்த 901ஐச் சொன்னேன். சிரித்தார். "எப்ப எண்ணினாங்க மேனேஜர் சாப்? பிப்ரவரியில். பனி மூடிக் கிடக்கிற மாசம். ஆகஸ்டில் வந்து எண்ணச் சொல்லுங்க."

நியாயம்தானே? ஆகஸ்டில் ஆப்பிள் பறிக்கவும் பெட்டி சுமக்கவும் நேபாளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். லாரிகள் வரிசை கட்டும். கோடையில் ஹாட்டு மலைக்குப் போகிற சுற்றுலாக் கூட்டம் வேறு. அத்தனை பேருக்கும் தண்ணீர் வேணும், அத்தனை பேரும் குப்பை போடுவார்கள். மானியம் பிரிக்கும்போதோ தலைக்கணக்குக்குத்தான் பெரிய இடம்.

பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்துக்கொண்டால் தலை கூடுமே என்று கேட்டேன். "யார் வருவாங்க? வீட்டுவரி, கட்டட அனுமதி... கிராமத்துத் திட்டங்களும் போயிடும்" என்றார். இமாச்சலில் இப்படிச் சேர்க்கப் போன பல இடங்களில் எதிர்ப்புக் கிளம்பியிருக்கிறது. நான் அந்தக் கிராமத்துக்காரனாக இருந்தால் நானும் கொடி பிடித்திருப்பேன்.

எனக்கு உறுத்துவது அந்த நேபாளத்துக்காரர்கள்தான். பிழைக்க ஊர் விட்டு வந்தவன் என்பதாலோ என்னவோ. ஊர்க்கணக்கில் அவர்கள் இல்லை. வங்கியில் மட்டும் 2008லிருந்து ஒரு வழி இருக்கிறது. கணக்கே இல்லாதவரும் ஒரு தடவைக்கு 50,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கட்டி நேபாளத்துக்கு அனுப்பலாம். சீசன் முடிகிற சமயத்தில் பாருங்கள், கவுண்டரில் வரிசை வாசற்படி தாண்டி நிற்கும்.