தனிவழிப் பயணிக்கு ஒரு வாழையிலை

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் நகரின் மேற்கே சூரமங்கலத்தில் அமைந்திருக்கிறது. கோயில்களோ ஊரின் நடுவே, பழைய பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. இரவு வண்டியில் வந்து விடியற்காலையில் இறங்கும் முதியவர் ஒருவருக்கு முதலில் எழும் கவலை தரிசனத்தைப் பற்றியதன்று. சுகவனேசுவரர் எங்கும் போய்விட மாட்டார். கோட்டை மாரியம்மனும் அவ்வாறே. காலைப் பலகாரம் எங்கே என்பதுதான் கவலை. குடும்பத்தோடு வருவோரிடம் புளியோதரையும் தயிர்சாதமும் அடங்கிய கட்டுச்சோறு இருக்கும். தனியே வருபவரின் துணிப்பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, மாத்திரை டப்பா ஆகியவைதாம் இருக்கும்.

பிள்ளைகள் தொலைதூரத்தில், துணையும் மறைந்துவிட்ட நிலையில், இப்படித் தனியே தலயாத்திரை செய்யும் முதியோர் இன்று எல்லாக் கோயில்களிலும் தென்படுகின்றனர். வழி கேட்பதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஊரில் ஓர் உணவகத்துள் தனி ஆளாக நுழைந்து அமர்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது. மூதாட்டியராயின் அது இன்னும் அதிகம். பலர் "தரிசனம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வெறும் வயிற்றோடு நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். அதற்கு விரதம் என்று பெயரும் வைத்துவிடுகின்றனர்.

சேலத்தைப் பொறுத்தவரை இந்தத் தயக்கத்துக்குக் காரணமே இல்லை. பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடியும் முன்பே இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி எழத் தொடங்கிவிடும். ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் 'மெஸ்' என்னும் பெயர்ப்பலகை பெரும்பாலும் அசைவ உணவகத்தையே குறிக்கும். பலகையில் 'சைவம்' என்னும் சொல் இருக்கிறதா என்று பார்த்தே படியேற வேண்டும். பெரிய கட்டடமும் பளபளக்கும் விளக்கும் நல்ல உணவுக்குச் சான்றாகா. காலை ஏழு மணிக்கு உள்ளூர் முதியவர்கள் நாளிதழோடு அமர்ந்து காபி அருந்தும் கடையே நம்பத் தக்கது. நேற்றைய மாவையும் நேற்றைய சட்னியையும் அவர்களிடம் செலுத்த முடியாது. வெங்காயம், பூண்டு விலக்குவோர் சாம்பாரைப் பற்றிப் பரிமாறுபவரிடம் கேட்டுவிடுவது நல்லது. பொடியும் எண்ணெயும் தொட்டு உண்பது அதைவிடச் சுலபம். பொடியில் பூண்டு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் வினவிக்கொள்ளலாம்.

மாலையில் அதே தெருக்களில் தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், சட்னி ஆகியவற்றை வைத்துத் தருவார்கள். சேலத்தின் தனிப்பெருமை அது. பற்கள் உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும் உரியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விரதத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கை நினைவுக்கு வரும். சேலம், ஆத்தூர்ப் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் ஜவ்வரிசி, மூட்டை மூட்டையாக மகாராஷ்டிரத்துக்கும் வட மாநிலங்களுக்கும் செல்கிறது. அங்கே ஏகாதசியிலும் சிவராத்திரியிலும் அன்னத்தை விலக்குவோர் ஜவ்வரிசிக் கிச்சடி உண்டே விரதம் காக்கின்றனர். பிறர் விரதத்துக்கு உணவு அனுப்பும் ஊரில், நம் முதியவர் பச்சைத் தண்ணீரும் பருகாமல் நடக்கிறார்.

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு செல்லப் பேருந்தில் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். காலையிலேயே புறப்பட்டால் உச்சிக்காலப் பூசைக்கு முன்பாக மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். சம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் இதுவே. ஏறத்தாழ 1,200 படிகள் உள்ளன. வழியெங்கும் மண்டபங்கள் இருக்கின்றன. ஏறுபவர் இளைப்பாறட்டும் என்று பெயர் தெரியாத எத்தனையோ பேர் எழுப்பியவை அவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மலைமேல் வரை வாகனப் பாதையும் உண்டு. அங்கே அர்த்தநாரீசுவரர் ஆணும் பெண்ணும் ஒன்றான திருமேனியாக நிற்கிறார். இறைவன் திருவடியின் கீழிருந்து எடுக்கப்படும் தீர்த்தம் உள்ளங்கையில் விழும்போது, ஏறிவந்த வெப்பம் அடங்கிவிடும். துணையை இழந்து தனியே வந்து நிற்பவருக்கு இச்சந்நிதி உணர்த்துவதை வெளியிலிருந்து யாரும் விளக்க வேண்டியதில்லை.

நண்பகலில் கோயிலில் அன்னதானம் தொடங்குகிறது. தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கப்பட்டது 2002-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று. 2012-ல் திருவரங்கத்திலும் பழனியிலும் அது நாள் முழுவதற்குமாக விரிந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பெரிய கோயில்களிலும் மதியப் பந்தி நடைபெறுகிறது. இத்தனை பேருக்கு என்று கணக்கு உண்டாதலால், கோயிலுக்குள் நுழைந்தவுடனேயே அன்னதானக் கூடம் எங்கே, எப்போது அமரவேண்டும் என்று விசாரித்துக்கொள்வது நலம். தரிசனத்தை முடித்துச் சாவகாசமாகச் சென்றால், இலை எடுத்துக் கூடத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் தெரிந்தும் பலர் அப்பந்தியில் அமர்வதில்லை. "கையில் பணம் இருக்கும்போது தானச் சோறு உண்பதா?" என்பது அவர்கள் கேள்வி. ஓய்வூதியம் வாங்குகிறவர், நான்கு பேருக்குச் சோறு போட்டவர், இன்று தட்டேந்தி நிற்பதா என்ற மான உணர்ச்சி அது. எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதும் அன்று. ஆனால் கோயிலில் பரிமாறப்படுவது பிச்சையில்லை. வடலூரில் 1867-ல் வள்ளலார் தருமச்சாலையை நிறுவி மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. வருகிறவர் ஏழையா, செல்வரா என்று அங்கே எவரும் ஆராய்வதில்லை. பசித்தவரா என்பதே கேள்வி. கூச்சம் விடாதவர்களுக்காகவே அன்னதான உண்டியல் வாசலில் இருக்கிறது. உண்டு எழுந்தபின் அதில் இயன்றதைச் செலுத்தலாம். பிறந்த நாளிலோ மறைந்தவரின் நினைவு நாளிலோ ஒரு நாள் செலவை ஏற்கவும் வழியுண்டு. அவ்வாறு செய்தவர் மறுமுறை வரும்போது பந்தியில் அமரத் தயங்குவதில்லை.

இந்தப் பந்திக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முற்காலத்துச் சத்திரங்கள் வழிப்போக்கர்களுக்கு இலவசமாகச் சோறிட்டன என்று நாம் பெருமிதத்தோடு சொல்கிறோம். உண்மைதான். அவற்றுள் பலவற்றில் சாதி பார்த்து இடம் பிரித்ததும் உண்மை. பலர் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டனர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியபோது தீண்டாமை ஒழிப்பு அதன் தலையாய பணிகளுள் ஒன்றாக இருந்ததற்கு அந்த நிலைமையே காரணம். இன்று அதே ஊரின் மலைக்கோயிலில், விசைத்தறித் தொழிலாளியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அருகருகே அமர்ந்து ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொள்கிறார்கள். தனியே வந்தவருக்கு இருபுறமும் துணை கிடைத்துவிடுகிறது. "எந்த ஊர்?" என்று ஒருவர் கேட்பார், "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோங்க" என்று மற்றவர் சொல்வார்.

மாலையில் நாமக்கல். திருச்செங்கோட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. ஆகவே சைவ உணவகத்தைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு சற்றுக் கூடுதலாகத் தேவை. 18 அடி உயரத்தில், மேலே கூரையின்றி, கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரின் பார்வை எதிரே குன்றைக் குடைந்த கோயிலில் வீற்றிருக்கும் நரசிம்மர் மீதே பதிந்திருக்கிறது. கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமம் கொண்டு வந்தவர், கமலாலயக் குளக்கரையில் அனுஷ்டானத்துக்காக அதை இறக்கி வைத்தார். அதுவே குன்றாக வளர்ந்தது என்பது தலவரலாறு.

அனுமனும் தனிவழிப் பயணிதான். கடலைத் தாண்டும்போது மைநாக மலை எழுந்து நின்று, இளைப்பாறிக் கனியுண்டு செல்லுமாறு வேண்டியது. அவர் அதைக் கையால் தொட்டு வணங்கி, உண்ணாமலே சென்றார். வழியில் சாப்பிட மறுக்கும் முதியவர்கள் இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். சீதையைக் கண்டு திரும்பிய பிறகு, மதுவனத்தில் வானரங்களைத் தேனும் கனியும் தாராளமாக உண்ணச் சொன்னவரும் அதே அனுமன்தான் என்பதை மறந்துவிடுவார்கள். நூறு யோசனை கடல் தாண்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவருக்கு அது இல்லை. வெறும் வயிற்றில் மயங்கி விழுந்து, பிறர் தரிசனத்தையும் தடுத்து நிறுத்துவது எந்த விரதத்திலும் சேராது. மருந்துக்குரிய நேரத்தில் இரண்டு இட்லி உண்டுவிட்டு வந்தால் ஆஞ்சநேயர் கோபித்துக்கொள்வதில்லை.

இந்த ஊரில் சுவாமிக்கு உணவே மாலையாகிறது. உளுந்தும் மிளகும் உப்பும் சேர்த்து, நடுவே துளையிட்டுத் தட்டிப் பொரித்த வடைகளைக் கோத்து அணிவிக்கிறார்கள். அனுமன் ஜயந்தியன்று 1,00,008 வடைகள். வெங்காயமோ ஈரமோ சேராததால் அவ்வடை நாள்கணக்கில் கெடாது. தனியே பயணம் செய்பவருக்கு இதைவிட நம்பகமான கட்டுச்சோறு வேறில்லை.

இரவுப் பலகாரத்தை நாமக்கல்லிலேயே முடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினால், சேலம் 50 கிலோமீட்டர் தொலைவுதான். சன்னலோர இருக்கையில், துணிப்பைக்குள் காகிதத்தில் பொதிந்த இரண்டு மிளகு வடைகள் மணக்கும். கடிக்க முடியாதவர்கள் வீடு சேர்ந்ததும் சற்று நேரம் மோரில் ஊறவைத்து உண்பார்கள்.