வந்து போகும் வலி

நம் இல்லத்து மணி, அல்சேஷன் கலப்பு நாய். 8 திங்கள் வயதில் ஒரு நாள் முன்காலைத் தூக்கி நொண்டியது. செம்பனை முள் தைத்ததோ என்று பாதத்தைத் தடவிப் பார்த்தோம், முள் இல்லை. மாலையில் துள்ளி ஓடியது. மறுவாரம் பின்காலை நொண்டியது. பாசாங்கு என்றெண்ணி அதட்டினோம்.

மூன்றாம் முறையும் நொண்டவே, நாம் உண்ணும் வலி மாத்திரையைக் கொடுக்க எண்ணினோம். நல்வேளையாக, கொடுக்குமுன் குளுவாங் நகரில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கால் எலும்பை அழுத்தியதும் மணி அலறியது. ஊடுகதிர்ப் படமும் எடுத்துப் பார்த்தார். பெரிய இன நாய்களுக்கு 5 முதல் 18 திங்களுக்குள் நீண்ட எலும்புகளில் இவ்வழற்சி தோன்றுவதுண்டு. கால் மாறி மாறி வலிக்கும். வளர்ந்தபின் பெரும்பாலும் தானே நீங்கும் என்றார். மனிதரின் வலி மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம் என்றும், எந்நாளில் எக்கால் நொண்டியது என்பதைக் குறித்து வைத்தல் நலம் என்றும் அறிவுறுத்தினார்.

வீடு திரும்புகையில் மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். "கால் வலிக்கிறது ஐயா" என்று திடலோரம் நின்றவன் மறுநாள் ஓடக் கண்டு, அவனைப் பொய்யன் எனக் கடிந்திருந்தோம். மறுநாளே அவனை அழைத்து நம் தவற்றை ஒப்புக்கொண்டோம்.

வந்து போகும் வலியும் வலியே, செல்வங்களே!