சண்முகம் சாலையில் ஒரு சுற்று!

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால், கொஞ்ச தூரத்தில் சண்முகம் சாலை. காய்கறி, பூ, துணி, பாத்திரம் என எப்போதும் நெரிசல்தான். தீபாவளி நேரத்தில் கேட்கவே வேண்டாம்! அந்தக் கூட்டத்தில் ஒரு நிமிடம் நின்று, நடைபாதைக் கடைகளையும் ஹார்டுவேர் கடைகளையும் கவனியுங்கள். இந்தப் பகுதி வீடுகளில் என்னென்ன தொல்லை என்பதை அங்கே தொங்கும் சின்னச் சின்னப் பொருட்களே சொல்லிவிடும்.

முதல் தொல்லை, தண்ணீர். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021-ல். ஆனாலும் பல வீடுகளுக்கு இன்றும் போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான் கதி. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தால், காசு கொடுத்து வாங்கிய தண்ணீரும் சாக்கடைக்குப் போகும்.

இதற்குத்தான் வாட்டர் டேங்க் அலாரம். இரண்டு ஒயர்களின் முனைகள் டேங்கின் மேல்மட்டத்தில் தொங்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து, கீழே மணி அடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. நாம் தினமும் திட்டுகிற உப்பு, இங்கே மட்டும் நமக்கு உதவி! ஆனால், அதே உப்பு முனைகளில் படிந்தால் அலாரம் ஊமையாகிவிடும். அவ்வப்போது எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் இந்தப் பக்கம் நிறைய. டேங்கை எட்டிப் பார்க்க அவர்கள் மொட்டை மாடிப் படி ஏறி இறங்க வேண்டாம் என்பதே இந்தச் சின்னப் பெட்டியின் பெரிய லாபம்.

குழாய் முனையில் திருகும் சல்லடையும் இப்படித்தான். தண்ணீரோடு காற்றைக் கலந்து, குறைந்த நீரிலேயே பாத்திரம் கழுவ வைக்கும். உப்பு அடைத்துக்கொண்டால் தூக்கிப் போடாதீர்கள். அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

அடுத்தது கொசு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதை மறக்க முடியுமா? அவ்வளவு மழை வேண்டாம், காலி மனையில் தேங்கும் நீரே கொசுவுக்குத் தாராளம். ஜன்னலுக்கு வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை நல்ல தீர்வு. உரித்துத் துவைத்து மறுபடி ஒட்டலாம். நம்மூர் நாயுருவி வேட்டியில் ஒட்டுமே, அதுபோல ஒட்டும் ஒரு காயைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் வெல்க்ரோவை உருவாக்கினார். கதவின் அடி இடுக்கில் மாட்டும் பட்டையையும் சேர்த்து வாங்கினால், மழைக்காலத்தில் பூரானும் கரப்பானும் உள்ளே வருவது குறையும்.

டீ, வடை காசுக்குள் ஏதாவது வேண்டுமா? ஊசியில் நூல் கோர்க்கும் கம்பிக் கண்ணி இருக்கிறது. பார்வை மங்கிய பாட்டி, பட்டன் தைக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

பளபளப்பைப் பார்த்து எல்லாவற்றையும் அள்ளிவிடாதீர்கள். 'இந்தத் தொல்லை நம் வீட்டில் இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் ஜன்னல், கதவு அளவுகளை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால், டேங்க் அலாரத்துக்கே என் ஓட்டு!