பரேல் மாளிகை

பம்பாய்க்குப் போகிறவர்கள் சௌபாத்திக் கடற்கரை, மகாலட்சுமி கோயில், 'கேட்வே ஆப் இந்தியா' ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். நகரத்தின் பெயர் மும்பை என்று மாறிவிட்ட பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற பரேல் பகுதியில், கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கு அருகே ஒரு பழைய மாளிகை இருப்பது அநேகருக்குத் தெரியாது. அதுதான் ஹாப்கின் ஆராய்ச்சி நிலையம்.

அந்த மாளிகைக்குத்தான் எத்தனை பிறவிகள்! போர்த்துக்கீசியர் காலத்தில் அது பாதிரிமார்களின் மடம். பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்து, பம்பாய் கவர்னரின் வாசஸ்தலமாயிற்று. ஜபம் நடந்த இடம் விருந்து மண்டபமாக மாறியது. அதற்கு மேல் மாடியில் நடனசாலை எழுந்தது. இரவெல்லாம் விளக்கொளியும் வாத்திய இசையுமாக இருந்த வீடு அது.

1882-இல் அந்த வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தது. கவர்னர் சர் ஜேம்ஸ் பெர்கூசனின் மனைவி ஆலிவ் அம்மாளைக் காலரா கொண்டுபோயிற்று. வாசலில் காவலர் நின்றால் மட்டும் வியாதி உள்ளே வராமல் இருந்துவிடுமா? பிறகு கவர்னர்கள் மலபார் முனையில் கடலோர பங்களாவுக்குக் குடிபோய்விட்டார்கள். எஜமானியம்மாள் போன வீடு களையிழந்து நின்றது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1896-இல், பம்பாயில் பிளேக் புகுந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறி ஓடினார்கள். அந்தச் சமயத்தில் சர்க்கார் கேட்டுக்கொண்டபடி பம்பாய் வந்து சேர்ந்தார் வால்டெமார் ஹாப்கின். 1860-இல் ஒடெஸ்ஸா நகரில் பிறந்த யூதர். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, 1892-இல் முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டு சோதித்தவர். மறு ஆண்டு கல்கத்தா வந்து ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஊசியைப் போட்டவர்.

பம்பாயில் அவருக்குக் கிடைத்தது கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறை. துணைக்கு ஓர் எழுத்தரும் மூன்று சேவகர்களுமே! ஆட்டிறைச்சி ரசத்தில் பிளேக் கிருமியை வளர்த்தார். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சேர்த்தால் இந்துக்களின் மனமும் முஸ்லிம்களின் மனமும் புண்படும் என்பதை உணர்ந்திருந்தார். ரசத்தின் மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நம் சமையலறை நெய்தான்! அதைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகள்போலக் கீழே இறங்கி வளர்ந்தன. அவற்றைச் சூடுகாட்டிக் கொன்றால் ஊசி மருந்து தயார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி இதையும் முதலில் தமக்கே போட்டுக்கொண்டார்.

ஊசிக்கு ஊரெங்கும் கிராக்கி ஏற்பட்டது. சிறு அறை போதவில்லை. ஆகாகான் தமது 'குஷ்ரு லாட்ஜ்' மாளிகையைக் கொடுத்து உதவினார். கடைசியாக 1899-இல், களையிழந்து நின்ற பரேல் மாளிகைக்கே ஆராய்ச்சிக்கூடம் வந்து சேர்ந்தது. காலரா ஓர் உயிரைப் பறித்த வீட்டிலே, காலராவுக்கு ஊசி கண்ட மனிதரே வந்து அமர்ந்தார். நடனமாடிய கூடங்களில் மருந்துக் குப்பிகள் வரிசை கட்டின.

ஆனால் விதி அவரையும் சோதித்தது. 1902-இல் பஞ்சாபில் மல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட நூற்றேழு பேரில் பத்தொன்பது பேர் இசிவு நோய் கண்டு இறந்தார்கள். அவர்கள் அனைவரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். பரேலில் தயாரித்ததுதான் கோளாறு என்று பழி ஹாப்கின் மேல் விழுந்தது. வேலையிலிருந்து விலக்கப்பட்டார். ஊசி போட்ட அன்று குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே அவர் உபயோகித்தார் என்பது சாட்சியத்தில் இருந்தது. குப்பியைத் திறந்தபோது துர்நாற்றமும் இல்லை. அப்படியிருந்தும் பழி நீங்க ஐந்து ஆண்டுகள் ஆயின! மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவைக் கண்டு நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் முதலிய விஞ்ஞானிகள் பத்திரிகையில் எழுதி வாதாடிய பின், 1907-இல்தான் அவர் குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டது. மறுபடியும் இந்தியா வந்தார். கல்கத்தாவில் வேலை பார்த்தார். பரேல் மாளிகை மட்டும் அவர் பொறுப்புக்குத் திரும்பவில்லை.

1925-இல் அந்த நிலையத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். 1930-இல் சுவிட்சர்லாந்தில் அவர் காலமானார். 1964-இல் நம் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

பெரம்பலூர்ப் பக்கம் குன்னத்திலும் சரி, பம்பாயிலும் சரி, இன்று ஒரு தாய் கைக்குழந்தையை மடியில் கிடத்தி, அது வீறிட்டு அழுவதைப் பொறுத்துக்கொண்டு ஊசி போடுகிறாள். மருந்து சுத்தமானது, போடுகிற கையும் சுத்தமானது என்ற நம்பிக்கைதான் அவளுக்குத் தைரியம் தருகிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு மனிதர் கொடுத்த விலையைப் பரேல் மாளிகை அறியும். பம்பாய் போனால், வெளியில் நின்றாவது அதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.