இரவல் பெயர்

மினசோட்டாவில் எங்கள் வீட்டுப் பின்வாசல் படியில் தினமும் காலையில் அம்மா வேர்க்கடலை வைப்பாள். ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாளே இந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது. தோலோடு பத்துக் கடலை. கொஞ்ச நேரத்தில் படிக்கு அடியிலுள்ள வளையிலிருந்து முதுகில் கோடு போட்ட ஒரு சிறிய உருவம் எட்டிப் பார்க்கும். கடலையை ஒவ்வொன்றாகக் கன்னத்துக்குள் திணித்துக்கொள்ளும். முகம் பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையைப் போல உப்பியதும் மண்ணுக்குள் மறைந்துவிடும்.

"நம்ம ஊரு அணில்தான்டா. குளிருக்குக் கொஞ்சம் குண்டாயிருக்கு" என்பாள் அம்மா.

அது அணில் குடும்பம்தான், ஆனால் நம் ஊர் அணில் இல்லை. இங்கே அதற்குச் சிப்மங்க் என்று பெயர். நம்முடையதன் முதுகில் மூன்று வெள்ளைக் கோடு. இதற்குக் கருங்கோடே ஐந்து. நம்முடையது மரத்தில் கூடு கட்டும்; இது வளை தோண்டி வாழும். அம்மாவைத் திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்கு முன் சிப்மங்க் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதிகளைப் புரட்டினேன். பிறகு திருத்த மனம் வரவில்லை. அம்மா செய்த அதே காரியத்தை ஆங்கிலம் பேசிய குடியேறிகளும் செய்திருக்கிறார்கள்.

பெரும் ஏரிகளைச் சுற்றி வாழும் ஓஜிப்வே மக்களின் மொழியில் 'அஜிடமோ' என்றொரு சொல் உண்டு. அவர்களுக்கு நெருங்கிய உறவினரான ஒடாவா மக்கள் அதன் முதல் உயிரை விழுங்கிவிட்டு, 'ஜிட்மோ' என்று மூக்கொலியில் முடிப்பார்கள். அது வெள்ளையர் வாயில் 'சிட்மங்க்' ஆகி, 19ஆம் நூற்றாண்டில் சிப்மங்க் ஆனது என்பதே அகராதிக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் வரலாறு. ஆனால் அஜிடமோ இந்தக் கோடு போட்ட பிராணி அல்ல. அது பைன் காடுகளில் வாழும் செந்நிற அணில். முதுகில் ஒரு கோடும் கிடையாது. கோடு போட்டதற்கு ஓஜிப்வேயில் 'அகொங்கொஸ்' என்று தனிப் பெயர் இருக்கிறது. வந்தவர்கள் அண்ணன் பெயரைத் தம்பிக்கு வைத்துவிட்டார்கள்.

அப்படி வைத்ததில் பெயரின் பொருளும் உதிர்ந்துபோயிற்று. 'அஜிட்' என்றால் தலைகீழ். தலைகீழாகத் தொங்குவதைச் சொல்லும் வினைக்கும் அதே வேர்தான். அஜிடமோ என்பது மரத்திலிருந்து தலை முன்னே வர இறங்கும் உயிர். பூனையைப் பாருங்கள்: விறுவிறுவென்று ஏறிவிடும், இறங்கத் தெரியாமல் கிளையில் உட்கார்ந்து கத்தும், கடைசியில் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வரும். அணில் பின்னங்காலைக் கணுக்காலோடு பின்னுக்குத் திருப்பிக்கொள்ளும். நகங்கள் மேல்பக்கமாகப் பட்டையைக் கவ்வ, முகம் தரையைப் பார்க்க, ஓடியே இறங்கும். தொல்காப்பியர் அணிலை 'மூவரி அணில்' என்கிறார். அவர் கண் முதுகில் நின்றது. ஓஜிப்வேயின் கண் அது மரத்தைவிட்டு இறங்கும்வரை கூடவே இறங்கியிருக்கிறது. அந்தப் பெயரைத்தான் தரைக்குள் வளை தோண்டி வாழும் பிராணிக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பெயர் கவிதைக்குள்ளும் போயிருக்கிறது. 1855இல் லாங்ஃபெல்லோ எழுதிய 'ஹயவாதாவின் பாடல்' காவியத்தில் நாயகனை ஒரு பெரிய மீன் படகோடு விழுங்கிவிடும். வயிற்றுக்குள் அவனுக்கு ஒத்தாசை செய்வது ஓர் அணில். நன்றியாக நாயகன் அதற்கு அஜிடமோ என்று பெயர் வைக்கிறான். ஆனால் கவிஞர் அங்கே சொல்லும் பொருள் வேறு: வாலை வானத்தில் நிறுத்தியது. யோசித்தால் இரண்டும் ஒரே நிலைதான். தலை கீழே என்றால் வால் மேலே. காட்டுக்காரர்கள் தலையைப் பார்த்தார்கள், புத்தகக்காரர் வாலைப் பார்த்தார். அந்த நாயகன் பெயரே இரவல் என்பது இன்னொரு வேடிக்கை. கதைகளில் பெரும்பாலானவை ஓஜிப்வே மக்களின் நானபோஜோவுடையவை; ஹயவாதா என்பதோ இராக்வாய் மக்களின் தலைவர் ஒருவரின் பெயர்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓஜிப்வே இணைய அகராதியில் சொற்களை அந்த மக்களின் மூத்தவர்களே உச்சரித்துப் பதிந்திருக்கிறார்கள். விடுதிப் பள்ளிகளில் இந்த மொழியைப் பேசியதற்காகக் குழந்தைகளை அடித்த காலம் ஒன்று உண்டு. அதையும் தாண்டி வந்த குரல்கள் இவை. ஆந்தைக்கு அவர்கள் சொல்லும் 'கூக்கோகோஓ'வைக் கேட்டபோது நம் கூகை நினைவுக்கு வந்தது. இரண்டு காட்டிலும் ஆந்தை தன் பெயரைத் தானேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இலக்கணத்தில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. ஓஜிப்வேயிலும் நம்மைப் போல் இரண்டு திணை. ஆனால் கோடு வேறிடத்தில் விழுகிறது. உயிருள்ளவை ஒரு பக்கம், உயிரற்றவை மறுபக்கம். மனிதனும் அணிலும் மரமும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கல்லும் அந்த வரிசைதான். குளிர்காலத்தில் பனி விழுந்த பிறகே சொல்ல வேண்டிய பழங்கதைகளைக் குறிக்கும் 'ஆதிசோகான்' என்ற சொல்லும் அங்கேதான் இருக்கிறது. ஆண், பெண் என்ற பால் வேறுபாடு மட்டும் கிடையாது. அப்படியானால் அஜிடமோவைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'இறங்குவது' என்றால் அஃறிணைக்குத் தள்ளிவிடுகிறேன். 'இறங்குபவன்' என்றால் ஆணாக்கிவிடுகிறேன். 'இறங்குபவர்' என்றால் அணில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகஸ்டில் அம்மாவை வடக்கே பெமிஜிக்கு அழைத்துப்போனோம். சுற்றிலும் மூன்று ஓஜிப்வே நிலப்பகுதிகள் இருக்கும் ஏரிக்கரை ஊர் அது. கடைக் கதவுகளில் 'பூஜூ' என்று அவர்கள் மொழியில் வணக்கம் எழுதியிருந்தது. பைன் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் புளியோதரையைப் பிரித்தபோது, தலைக்கு மேலே யாரோ கடகடவென்று வைய ஆரம்பித்தார்கள். அண்ணாந்து பார்த்தால், செம்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்று. அதன் இடத்தில் நாங்கள் உட்கார்ந்துவிட்டோமாம்.

"அம்மா, அதுவும் அணில்தான்" என்றேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இதா? கோட்டையே காணோம். இது என்னத்த அணில்?"

அது வசவை நிறுத்தவில்லை. பட்டையை உதறிக்கொண்டு, மூக்கு நேராக எங்கள் டிபன் கேரியரைப் பார்க்க, மரத்தில் இறங்கத் தொடங்கியது. அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், தலைகீழா இறங்குறான் பாருடா!"