பதினேழு

அறிக்கை வந்த அன்று மருத்துவர் அதை என் கணவரிடம் நீட்டினார். "சார், ஸ்கோர் பதினேழு" என்றார். கட்டி என்னுடையது. அதை அறுத்தெடுத்த மார்பும் என்னுடையது. கையை நீட்டி நானே தாளை வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அப்போது 47 வயது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத, அக்குள் நெறிக்குப் பரவாத மார்பகப் புற்று. அறுவைசிகிச்சை முடிந்திருந்தது. கீமோ வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. அதற்காகத்தான் மெழுகில் பொதிந்த கட்டியின் துணுக்கு ஒன்று அமெரிக்காவுக்குப் போனது.

ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற அந்தச் சோதனை 21 மரபணுக்களைப் பார்க்கிறது. 16 புற்றுநோய் தொடர்பானவை, 5 ஒப்பிடுவதற்கானவை. கட்டிக்குள் ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதே கணக்கு. செல்கள் பெருகுவதோடு தொடர்புடையவை ஓங்கியிருந்தால் எண் ஏறும். ஈஸ்ட்ரோஜன் சார்ந்தவை ஓங்கியிருந்தால் இறங்கும். விடை 0 முதல் 100 வரை.

செலவு லட்சங்களில். "நேரா கீமோவையே போட்டுடலாமே, சோதனைக்கு எதுக்கு இம்புட்டுக் காசு?" என்றார் மாமியார். கெட்ட எண்ணமில்லை; என் முடியும் நகமும் வாந்தியும் அவர் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். மகளுக்கென்று வைத்திருந்த நகையை அடகு வைத்தேன். கணவரின் தொழிலுக்கு, நாத்தனார் கல்யாணத்துக்கு என்று அந்த நகை பலமுறை கடைக்குப் போய்வந்திருக்கிறது. எனக்காகப் போனது அதுவே முதல் தடவை.

பதினேழுக்கு என்ன அர்த்தம்? 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். 11 முதல் 25 வரை ஸ்கோர் வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மற்றவர்களுக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் இல்லை. ஐம்பதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 16 முதல் 20 வரை வந்தவர்களுக்குச் சிறு பலன்: நூறு பேர் கீமோ எடுத்தால், ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு நோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் தடுக்கப்படலாம். அதுவும் மருந்து புற்றணுக்களைக் கொன்றதாலா, சூலகத்தை முடக்கி மாதவிடாயை நிறுத்தியதாலா என்பதில் விவாதம் உண்டு.

அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தியா என்று எந்த ஸ்கோரும் சொல்லாது. அது கூட்டத்தின் கணக்கு. மூன்று இரவு யோசித்தேன். சூலகத்தை ஓயவைக்கும் ஊசியும் மாத்திரையும் போதும், கீமோ வேண்டாம் என்று மருத்துவரிடம் நானே சொன்னேன். பயம் போய்விடவில்லை. ஆனால் முடிவு என்னுடையது. முகம் தெரியாத அத்தனை பெண்கள் தங்கள் உடம்பைக் குலுக்கலுக்குக் கொடுத்ததால்தான் எனக்கு அது வாய்த்தது.

நகை இன்னும் மீளவில்லை. மகள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்தப் பதினேழு எனக்கும் வருமாம்மா?" என்றுதான் கேட்டாள். இது கட்டியின் கணக்கு, வழிவழியாக வரும் சொத்தல்ல என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து அறிக்கையை வரிவரியாக வாசித்துக் காட்டினேன்.