மூன்று விடியல் தூரம்

சென்னைத் துறைமுகத்தில் ஹர்ஷவர்தனா கப்பல் சங்கு ஊதியதும் அம்மா இஞ்சி மரப்பா டப்பாவைத் திறந்துவிடுவாள். 1980-களில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ராமநாதபுரத்தில் கோடை விடுமுறையைக் கழித்துவிட்டு, மே மாதக் கடைசியில் நாங்கள் போர்ட் பிளேருக்குத் திரும்புவோம். அப்பாவுக்கு சாத்தம் மரஅறுவை ஆலையில் வேலை. டிக்கெட் எப்போதும் பங்க் வகுப்புதான். கீழ்த் தளத்தில் அடுக்குக் கட்டில்கள், எண்ணெய் வாடை, யாரோ பொட்டலம் அவிழ்க்கும் புளிச்சோற்று வாசம்.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,370 கிலோமீட்டர். கப்பலுக்கு அது ஏறக்குறைய 60 மணி நேரம்.

விடிவதற்கு முன்பே அப்பா எழுப்பி மேல் தளத்துக்குக் கூட்டிப்போவார். கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை உப்பில் பிசுபிசுக்கும். கோலா மீன்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பிப் பறந்து விழும். கிழக்கே சூரியனின் விளிம்பு தெரிந்ததும் தன் எச்.எம்.டி. கடிகாரத்தை என் முகத்தருகே நீட்டுவார். “தம்பி, மணி என்னன்னு பாத்துக்க.”

முதல் நாள் 5.30. மறுநாள் 5.10. மூன்றாம் நாள் 5 கூட ஆகியிருக்காது.

“கடிகாரம் சரியாத்தான் ஓடுது. நாமதான் கிழக்கே போய்க்கிட்டே இருக்கோம்” என்பார். கடிகாரத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே இந்திய நேரம். சூரியக் கணக்கில் 50 நிமிட வித்தியாசம். டிசம்பரில் எங்கள் ஊரில் மாலை 5 மணிக்கே விளக்குப் போடுவதும் அதனால்தான். பள்ளியில் தீர்க்கரேகைப் பாடம் வந்தபோது எனக்கு அது புதிதாக இல்லை.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீரின் கருநீலம் வெளுத்துப் பச்சையாகும். ஒரு பக்கம் ராஸ் தீவு, மறுபக்கம் பழைய 20 ரூபாய்த் தாளில் இருக்கும் நார்த் பே கலங்கரை விளக்கம். ஹாடோ ஜெட்டியில் இறங்கிய பிறகும் தரை ஆடும். இரண்டு நாள் கழித்துத்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும்.

அந்தத் தூரம் எங்களை வாட்டியும் இருக்கிறது. அப்பாவைப் பெற்ற ஆத்தா இறந்த தந்தி வந்த அன்று, அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. விமானக் கட்டணம் அப்பாவின் சம்பளத்துக்கு எட்டாது. அபர்டீன் பஜாரில் மொட்டை அடித்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்று அவர் யாரோடும் பேசவில்லை.

இன்று அதே தூரத்தை விமானம் இரண்டே கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. அந்த வேகம் தீவுக்காரர்களுக்குப் பெரிய வரம். 2023-இல் புதிய முனையம் திறந்த பிறகு நானும் அதில் போய் இறங்கினேன். 2024-இல் ஊரின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என்றாகிவிட்டது. எனக்கு அது என்றும் போர்ட் பிளேர்தான்.

சென்னையிலிருந்து கப்பல் இன்னும் போகிறது. அந்தமான் பார்க்கக் கிளம்புகிறவர்கள் திரும்பும்போது விமானத்தில் வாருங்கள். போகும்போது ஒரு முறையாவது கப்பலில் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று விடியலிலும் அவர்களை எழுப்பி மணி பார்க்கச் சொல்லுங்கள்.